வெள்ளிக்கிழமை வெளியே போன எண்ணெய்

1

இதை எழுத உட்காருவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு தேசிக்காய்ப் பாதியைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு சட்டி கழுவுகிற தூளைப் போட்டுத் தோல் எரியும்வரை கழுவினேன். இன்னும் மணக்கிறது. இப்போது பேனையும் மணக்கிறது. ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த மணம் வராது. அந்த மட்டில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போகும். போகட்டும், எனக்கு அவசரம் இல்லை. பிழை கண்டால் திருத்திப் படியுங்கள். மன்னிக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள், மேப்பிள் இலை சிவக்கிறதைப் பற்றி எழுதுகிறார்கள். நான் எண்ணெய்த் தாங்கியைப் பற்றி எழுதுகிறேன். மொன்றியலில் எங்கள் பழைய வீடுகளில், நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற்றில், எருமை மாடு அளவில் ஓர் இரும்புத் தாங்கி நாலு குட்டைக் காலில் நிற்கும். வீட்டைச் சூடாக்குகிற அடுப்புக்கு அதிலிருந்துதான் எண்ணெய் போகும். இங்கே அந்த எண்ணெய்க்கு மசூத் என்று பெயர். முன்பு குளிர்காலத்தில் லொறி வந்து நிற்கும். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் பைப்பை மாட்டி நிரப்பிவிட்டுப் போவார்கள். அவர்கள் போய் இரண்டு நாளைக்கு என்ன சமைத்தாலும் மசூத் குழம்புதான்.

சென்ட் லோரன்டில் இந்த வீட்டை வாங்கியவர் என் கணவர். அவர் பக்டரியில் இரவு வேலை, நான் தையல் பக்டரியில் பகல் வேலை. வீட்டில் சாமி அறைக்கு வேறு இடம் இல்லை என்று பேஸ்மென்ற்றில் பலகையால் மறித்து அறை கட்டினார். பலகைக்கு அந்தப் பக்கம் தாங்கி, இந்தப் பக்கம் முருகன். எனக்கு அது அன்றைக்கே அருவருப்பு. சொன்னேன். "அதுவும் நெருப்பு, இதுவும் நெருப்பு" என்று சிரித்தார். அவர் போன பிறகு அடுப்புப் பழுதாகி, மகள் மின்சார ஹீட்டர் போட்டுத் தந்தாள். அடுப்பைக் கொண்டுபோனார்கள். தாங்கியை ஒருவரும் தொடவில்லை. அதன் மேல் நான் அரிசிப் பை, பழைய சூட்கேஸ், நத்தார் மரத்துக்குப் பேத்தி கட்டுகிற மின்விளக்குச் சரம் எல்லாம் வைத்திருந்தேன்.

போன புரட்டாதியில் இன்சூரன்ஸ்காரரிடமிருந்து காயிதம் வந்தது. வீட்டில் பழைய தாங்கி இருக்கிறதாம். பனி விழுவதற்குள் அதை அகற்றி, அகற்றினதற்கு அத்தாட்சி அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லையாம்.

2

மகள் சுபா லவாலில் இருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவள்தான் இன்சூரன்ஸ்காரரோடு ரெலிபோனில் கதைத்தாள். கதைத்தது கொஞ்சம், காத்திருக்கச் சொல்லிப் போடுகிற பாட்டைக் கேட்டதுதான் கூட. பிரெஞ்சுக்கு ஒன்றை அமத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அமத்து. தமிழுக்கு எதையும் அமத்த வேண்டாம். இடையில் ஒரு பெண் வந்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஓங்காளம் வந்தது. முக்கியம் என்றால் வந்து எடுக்க வேண்டியதுதானே.

கடைசியில் ஓர் ஆள் கிடைத்தான். சுபா கதைத்துவிட்டு ரெலிபோனை மேசையில் வைத்தாள்.

"அம்மா, லைசென்ஸ் உள்ள ஆள்தான் எடுக்கோணுமாம். படம் எடுத்து, காயிதம் தருவினமாம். அந்தக் காயிதம் வேணும்."

"குடுத்தாப் போச்சு."

"அது மட்டுமில்லை. இது முடிஞ்சால் கூரை எண்டுவினம். கூரை முடிஞ்சால் வயரிங் எண்டுவினம். உங்களால தனிய ஏலாது. வீட்டை வித்துப்போட்டு எங்களோட வாங்கோ. கீழ ஒரு அறை இருக்கு, ஜன்னலும் இருக்கு."

"ஜன்னல் எதுக்கு? உங்கட நாய் எட்டிப் பாக்கவோ?"

சுபா வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. சோபாவில் ஏறிப் படுக்கும். மனிதருடைய வாயை நக்கும். அந்த வாயோடு பேத்தி எனக்கு முத்தம் தர வருவாள். நான் கன்னத்தைத் துடைத்தால் அவளுக்குக் கோபம். அந்த வீட்டில் முருகனை எங்கே வைப்பது? நான் எங்கே இருப்பது?

சுபா சிரிக்கவில்லை. "சரி, இப்பிடிச் செய்வம். பனிக்கு முதல் அந்தக் காயிதம் வந்தால் நீங்கள் இங்க இருங்கோ, நான் வாய் திறக்க மாட்டன். வராட்டி விக்கிறது. பேந்து கதையில்லை. சரியோ?"

"ஓம்" என்றேன். ஒரு தாங்கியை எடுக்கிறது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

3

முதலில் சுபா பிடித்த கம்பெனியில் இருந்து ஒரு வெள்ளைக்காரன் பார்க்க வந்தான். வாசலில் சப்பாத்தின் மேல் நீல உறை மாட்டினான். ஒரு டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கியைச் சுற்றி வந்தான். மேலே இருந்த அளவுக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, உள்ளே எண்ணெய் இருக்கிறது என்றான். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். "நோ மெர்சி" என்றான். வேண்டாமாம். வடை வைத்திருந்தேன். அதையும் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக இருக்கிறாய், எந்த நாடு, ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய்க் காரில் இருந்து எழுதிச் சுபாவுக்கு அனுப்பினான். ஒரு வீட்டுக்கு வந்து ஒரு மடக்கும் குடிக்காமல் போகிற மனிதனிடம் வேலையைக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கோயிலில் பூக்கட்டுகிற சரோஜாவிடம் இதைச் சொன்னேன். "உதுக்கேன் வெள்ளைக்காரன்? எங்கட நேசன் இருக்கிறான், எல்லா வேலையும் செய்வான்" என்றாள்.

நேசன் அடுத்த நாளே வந்தான். நாற்பது வயது சொல்லலாம். நெற்றியில் விபூதி. சப்பாத்தை வாசலில் கழற்றினான். தேத்தண்ணி குடித்தான், இன்னுமொரு வடை எடுத்தான்.

நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி எந்த இடம்?" என்பதுதான். எங்கள் ஆட்களுடைய பழக்கம் அது. லைசென்ஸ் கேட்க மாட்டோம், ஊர் கேட்போம். ஊரைச் சொன்னான். அங்கே என் சின்னம்மா ஒருவர் கலியாணம் முடித்துப் போனவர். அவர் வீட்டு ஒழுங்கையின் பெயரைச் சொன்னான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

தாங்கியை மடக்கின விரல் மொழியால் தட்டினான். "வெறுந்தாங்கி அன்ரி. சத்தத்தைக் கேளுங்கோ."

"அந்த வெள்ளைக்காரன் எண்ணெய் கிடக்கு எண்டான்."

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம். எண்ணெய் எண்டால் கூடக் காசு கேக்கலாமெல்லே."

"காயிதம் தருவீரோ? இன்சூரன்ஸ்காரன் கேக்கிறான்."

"காயிதத்துக்கு என்ன அன்ரி, எங்கட ஆக்களுக்குள்ள. பேந்து பாப்பம். வெள்ளிக்கிழமை விடிய வாறன்."

வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்து காசு வெளியே போகக்கூடாது. நான் கொடுக்க மாட்டேன், இந்த நாட்டுக்கு வந்த பிறகும் ஒரு வெள்ளிக்கிழமையும் கொடுத்ததில்லை. ஆகவே வியாழன் பின்னேரம் அவனைக் கூப்பிட்டு, பேசின காசு முழுவதையும் கையில் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினான். வேலை தொடங்க முதலே முழுக் காசு கொடுத்த என்னை இந்த நாட்டில் வேறு எவரும் புத்தியுள்ளவள் என்று சொல்ல மாட்டார். எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

4

வெள்ளி விடிய வான் வண்டியோடும் ஓர் ஆளோடும் வந்தான். அன்றைக்குச் சப்பாத்துக் கழற்றவில்லை. "வேலைச் சப்பாத்து அன்ரி, கழட்ட ஏலாது" என்றான். இரண்டு பேரும் சாமி அறை வாசலை அப்படியே மிதித்துக்கொண்டு போனார்கள்.

அரிசிப் பையை இறக்கினார்கள். குழாயைக் கழற்றினார்கள். நான் படியில் நின்று பார்த்தேன். திடீரென்று ஒரு நாற்றம். பழைய ரத்தம், தார், செத்த எலி, மூன்றையும் ஒரு சட்டியில் காய்ச்சின மாதிரி. வெறுந்தாங்கி என்றவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கூட வந்த ஆளைப் பார்த்தான். எண்ணெய் கால்வாசிக்கு மேல் கிடந்தது. அடியில் கறுப்புச் சேறு.

வானுக்குப் போய், தமிழ்க் கடைகளில் எண்ணெய் வருகிற பிளாஸ்டிக் கான்களைக் கொண்டுவந்தான். சிலதில் இன்னும் பாம் எண்ணெய் லேபிள் ஒட்டியிருந்தது. கைப்பம்பால் மசூத்தை இழுத்து அதற்குள் விட்டார்கள். கையைத் துடைக்கத் துணி இல்லை என்று என் பலகைச் சுவரில் துடைத்தான். ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. நான் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றேன்.

தாங்கியை வாளால் அறுத்துத் துண்டு துண்டாக வானில் ஏற்றினார்கள். கான்களைத் தூக்க வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, நில்லும். இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"ஓம் அன்ரி?"

"எண்ணெய் வீட்டை விட்டுப் போகக்கூடாது."

நேசன் சிரித்தான். "அன்ரி, இது விளக்கெண்ணெயே? மசூத்."

"எரியிறது எண்டால் எண்ணெய்தான். தாங்கி வெறுமை எண்டு நீர் சொன்னபடியால்தான் நான் வெள்ளிக்கிழமைக்கு ஓமெண்டனான்."

அவன் வெளியே பார்த்தான். வான் இரும்பால் நிறைந்திருந்தது. மழையும் தூறியது. அவனுடைய முகம் மாறினதை நான் கண்டேன். அந்த நேரம் எனக்கு அது பக்தியாகத் தெரிந்தது. கான்களை விட்டுவிட்டுச் சாமி அறையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"நீங்கள் சொல்லுறது சரி அன்ரி. எங்கட அம்மாவும் வெள்ளிக்கிழமை ஒரு கரண்டி எண்ணெய் வெளியில விட மாட்டா. இதுகள் இண்டைக்கு இப்பிடியே கிடக்கட்டும். நாளைக்கு விடிய வந்து எடுக்கிறன்."

இந்தப் பிள்ளையை வளர்த்த தாய் புண்ணியவதி என்று நினைத்தேன். மிச்சமிருந்த வடையைக் கடதாசியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். வடை வெள்ளிக்கிழமை போகலாம்.

இரும்புக்கு யாரும் விலை கொடுப்பார்கள். சேற்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

5

சனி விடிய வரவில்லை. கூப்பிட்டேன். "வாறன் அன்ரி, வந்துகொண்டிருக்கிறன்" என்றான். ஞாயிறு, "வான் பிரச்சினை அன்ரி" என்றான். பிறகு ரெலிபோன் எடுக்கிறதே இல்லை.

கான்களைப் பலகைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். பாம் எண்ணெய்க்குச் செய்த கான் மசூத்தைத் தாங்குமா? அந்தக் கிழமைக்குள் ஒன்று அடியில் வெடித்துவிட்டது. எண்ணெய் பலகைக்குக் கீழால் ஊறி, சாமி அறைத் தரையில் விரித்திருந்த காப்பெற்றுக்குள் இறங்கிவிட்டது. நான் விளக்கு வைக்கப் போய்க் காலை வைத்தேன். கால் குளிர்ந்தது. குனிந்து தொட்டு மணந்து பார்த்தேன். தீப்பெட்டி என் மற்றக் கையில் இருந்தது.

விளக்கை ஏற்றவில்லை. படங்களை ஒன்றொன்றாகத் தூக்கி மேலே குசினிக்குக் கொண்டுவந்து, அலுமாரியில் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். முருகனுடைய பட்டுத் துணியும் நாறியது. கழுவக் கழுவப் போகவில்லை, எறிந்தேன்.

இந்த நாற்றம் எனக்குப் புதிதில்லை. யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றும் வரவிடாமல் மறித்த காலத்தில் எல்லாமே மண்ணெண்ணெய் மணந்தது. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில்தான் ஓடுவார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துத் துளித்துளியாக எரிப்போம். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு நான் வெயிலில் காத்து நின்று, முன்னால் நின்ற பெண்ணோடு தலைமயிர் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து நெல் மூட்டைக்குள் ஒளித்தேன். சோறு முழுக்க மணத்தது. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்று அழுதாள், அடித்து வாயில் தீத்தினேன். அந்தக் காலத்தை இனிப்பாகச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் வாயில் மண்ணெண்ணெய்தான் வரும். அங்கே ஒரு சொட்டுக்கு அடிபட்டேன். இங்கே எடுத்துக்கொண்டு போ என்று கெஞ்சுகிறேன், ஒருவனும் எடுக்கிறான் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சுபா பேத்தியோடு வந்தாள். பேத்தி கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தி, "சா ப்யூ, அம்மம்மா" என்றாள். நாறுது என்று அர்த்தம். பிறகு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. காரில் போய் இருந்துவிட்டாள். நாய் நக்கின கன்னத்தைத் துடைத்ததற்கு என்னோடு கோபிக்கிற பிள்ளை.

சுபா கீழே போனாள். மேலே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"யாரைப் பிடிச்சனீங்கள்?"

"எங்கட ஆள்தான். கோயிலுக்கு வாறவன்."

"காயிதம்?"

நான் அலுமாரிக் கதவைச் சாத்தினேன்.

"ஏன் எண்ணெயை விட்டிட்டுப் போனவன்?"

"வெள்ளிக்கிழமை."

"என்ன வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை எண்ணெய் குடுக்கிறதில்லை. உனக்குத் தெரியாதோ?"

சுபா கதிரையில் இருந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. அவள் மெதுவாகக் கதைத்தால்தான் எனக்குப் பயம்.

"அம்மா, மாடியில படுத்திருக்கேக்கை இது பத்தியிருந்தால்? நான் வீடு விக்கிற ஆளோட கதைச்சிட்டன். வாற கிழமை வந்து பாப்பான்."

"பனி இன்னும் விழேல்லை" என்றேன்.

"என்ன?"

"பனிக்கு முதல் எண்டுதானே சொன்னனீ. இன்னும் விழேல்லை."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது மணத்துக்கென்று ஒரு வாசனை மெழுகுதிரியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வனிலா. மசூத்தும் வனிலாவும் கலந்த மணத்தை நான் என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

6

திங்கள் நானே கூப்பிட்டேன். நீல உறை போட்டவனுடைய கம்பெனி அட்டை குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. ஒரு பெண் எடுத்துப் பிரெஞ்சில் மழை மாதிரிப் பொழிந்தாள். நான் பிரெஞ்சு படித்த பள்ளிக்கூடம் தையல் பக்டரி. ஊசி, நூல், கக்கூஸ், முதலாளி, இவ்வளவும்தான் தெரியும். அங்கே நாள் முழுக்க எனக்குப் பின்னால் நின்று ஒரு சொல்லைச் சொல்லுவார்கள். வீத், வீத். கெதியாக, கெதியாக. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"மசூத்" என்றேன். "மேசோன். பார் தேர்." எண்ணெய், வீடு, நிலத்தில். பிறகு, "வீத், மதாம். வீத், வீத்" என்றேன்.

 பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கதைத்தாள். விலாசம் கேட்டாள். நாளைச் சொன்னாள்: வந்த்ரெதி. வெள்ளி.

வேறு நாள் இல்லையா என்று எனக்குத் தெரிந்த மட்டில் கேட்டேன். அதை விட்டால் அடுத்த மாதமாம். ஜன்னலால் பார்த்தேன். வானம் பனிக்கு முதல் வருகிற அந்த அழுக்கு நிறத்தில் இருந்தது. அடுத்த மாதத்தில் பனி வந்துவிடும். வீடு விற்கிற ஆள் அதற்கு முதலே வந்துவிடுவான்.

ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போத்தல் விளக்கு எரித்த காலத்திலும் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கொடுக்காதவள் நான். கைக்குழந்தையோடு வந்து கேட்டவளையும் நாளைக்கு வா என்று அனுப்பியவள். அந்த நேரம் அது எனக்கு நெறியாக இருந்தது. இப்போதும் அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேசன் என் முருகனைப் பார்த்துக் கும்பிட்ட கை நினைவு வந்தது. அந்தக் கையின் ஐந்து விரலும் இன்னும் சுவரில் இருந்தது. என்னுடைய வெள்ளிக்கிழமையை எடுத்துத் தன்னுடைய கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

"உய்" என்று ஒப்புக்கொண்டேன். "வந்த்ரெதி."

வியாழக்கிழமை பஸ் பிடித்துப் போய், தமிழ்க் கடையில் பெரிய போத்தல் நல்லெண்ணெய் ஒன்று வாங்கி வந்து குசினியில் வைத்தேன். போகிறது போகட்டும், முதலில் நல்லது உள்ளே வரட்டும் என்று எனக்கு நானே ஒரு வழி செய்துகொண்டேன். சாத்திரத்தில் இதற்கு இடம் உண்டோ தெரியாது. ஐயரைக் கேட்கவில்லை. அவரும் நேசனுக்குத்தான் வேலை கொடுத்தவராம், கோயில் தண்ணீர்க் குழாய்க்கு.

வெள்ளி நீல உறைக்காரன் இன்னும் இரண்டு பேரோடு வந்தான். லொறியில் இருந்து நீளமான பைப்பை இறக்கி, கானில் இருந்ததையும் நிலத்தில் இருந்ததையும் உறிஞ்சி எடுத்தார்கள். காப்பெற்றைச் சுருட்டினார்கள். என் கணவர் கட்டின பலகைச் சுவரை அடிப்பாகம் ஊறிவிட்டது என்று கழற்றினார்கள். அதைக் கொண்டுபோகும்போது நான் மேலே போய் நின்றேன். நேசனுடைய விரலும் அதோடு போனது. அது போக வேண்டும், சுவர் போயிருக்க வேண்டாம்.

பிறகு அவன் என்னை வெளியே கூப்பிட்டு, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினான். கையாலும் ஆங்கிலத்தாலும் விளங்கப்படுத்தினான். தாங்கியை எடுத்தவன் இந்தக் குழாயை அப்படியே விட்டிருக்கிறான். எண்ணெய் லொறி வீடு மாறி வந்து இதில் மாட்டியிருந்தால், தாங்கி இல்லாத வீட்டுக்குள், பேஸ்மென்ற் முழுக்க மசூத் கொட்டியிருக்கும்.  அவன் குழாயை அறுத்து, ஓட்டையைச் சீமெந்தால் அடைத்து, படம் எடுத்தான்.

தேத்தண்ணி கேட்டேன். "நோ மெர்சி" என்றான். எனக்கு அவனை இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் போன பிறகு படியைப் பார்த்தேன். ஓர் அடிச்சுவடு இல்லை.

7

காயிதம் சுபாவுக்குப் போனது. சுபா இன்சூரன்ஸுக்கு அனுப்பினாள். அவர்கள் பாட்டுப் போட்டார்கள், வேறு கோணத்தில் படம் கேட்டார்கள், முதலில் எடுத்தவனுடைய லைசென்ஸ் இலக்கம் கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை என்று சொல்ல இன்னும் இரண்டு தரம் பாட்டுக் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு வருஷத்துக்குச் சரி என்றார்கள். வருகிற வருஷம் கூரையைப் பார்க்க ஆள் வருவானாம்.

சுபா வந்து சொன்னாள். முதல் பனி அன்றைக்குத்தான் தூவிக்கொண்டிருந்தது. அவளுடைய சப்பாத்தில் இருந்ததைத் தட்டினாள்.

"சரி, இருங்கோ" என்றாள். "நான் சொன்னால் சொன்னதுதான்."

"வீடு விக்கிறவன்?"

"வேண்டாமெண்டிட்டன்." பிறகு குசினி அலுமாரியைப் பார்த்தாள். "சாமி இஞ்சயே நல்லாத்தான் இருக்கு. இனிக் கீழ கொண்டுபோகாதேங்கோ."

நான் கொண்டுபோகவில்லை. கீழே தாங்கி நின்ற இடத்தில் நாலு கால் அடையாளம் சீமெந்தில் கறுப்பாக இருக்கிறது. எத்தனை தரம் உரஞ்சினாலும் போகவில்லை. மணமும் கொஞ்சம் இருக்கிறது, மற்றவர்களுக்கு வராதாம். எனக்கு வருகிறது.

இதை எழுதத் தொடங்கின நாள் விடிய அரிசிப் பையை இழுத்தபோது அதன் அடியில் ஒரு மூடி ஒட்டிக்கிடந்தது. நேசனுடைய கானின் மூடி. மஞ்சள் மூடி, உட்பக்கம் முழுக்கக் கறுப்புச் சேறு, களிம்பு மாதிரி. குப்பைக்குள் போடப் போனேன். பிறகு போடவில்லை. கை துடைக்கிற ரிஷுக் கடதாசி ஒன்றில் வடிவாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகிற நாள்.

நேசன் அங்கே நின்றான். நான் நினைத்தது சரி. வேட்டி, சந்தனப் பொட்டு, அன்னதான வரிசையில் முன்னுக்கு. சரோஜா அவனோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கொஞ்சம் அசைந்தான். பிறகு முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டான்.

"அன்ரி, எப்பிடிச் சுகம்? கோவிக்காதேங்கோ, நான் வர இருந்தனான். வான் அடியோட போட்டுது."

"கோவமில்லைத் தம்பி" என்றேன். கைப்பையைத் திறந்து ரிஷுக் கடதாசியை எடுத்தேன். "இந்தாரும்."

எங்கள் ஆட்களுக்குக் கோயிலில் வைத்து மடித்த கடதாசி ஒன்றை ஒரு கிழவி நீட்டினால் என்ன செய்வார்கள்? நேசன் இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்து ஏந்தி வாங்கினான். நெற்றிக்குக் கிட்டக் கொண்டுபோனான். கண்ணில் ஒற்றுவதற்கு முதல் மூக்கு முந்திவிட்டது. கடதாசி விரிந்தது. கறுப்பு அவனுடைய உள்ளங்கையில் இறங்கியது.

"உங்கட அம்மா வெள்ளிக்கிழமை ஒரு கரண்டி எண்ணெய் வெளியில விட மாட்டா எண்டனீர்" என்றேன். "நான் விட்டிட்டன் தம்பி. முழுக்க விட்டிட்டன். இது கடைசி. வீட்டில ஒண்டும் குறையேல்லை."

சரோஜா மூக்கைச் சுளித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். வரிசையில் நின்ற மற்றவர்களும் அவனைவிட்டு விலகினார்கள். அவனுக்குக் கையைத் துடைக்கத் துணி இல்லை. அங்கே பலகைச் சுவரும் இல்லை, வெள்ளை மாபிள் கல்தான். வேட்டியைப் பார்த்தான், கையைப் பார்த்தான். இரண்டு கையையும் அப்படியே ஏந்தினபடி நின்றான்.

நான் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. பஸ்ஸில் வந்து, குசினியில் நல்லெண்ணெய் விட்டு விளக்கேற்றிவிட்டு, கையைக் கழுவினேன்.